இல்லாத குழுவுக்கு ஓர் அட்டை

சென்ற ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா, பரண்ல பழைய ரிக்கார்டெல்லாம் இருக்குன்னு பாட்டி சொன்னாங்களே, எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கல்கத்தாவிலேயே பிறந்து வங்காளமும் இந்தியும் ஆங்கிலமுமாக வளர்கிற குழந்தைக்கு எம்.எஸ். அம்மாவின் குரலைக் கேட்கத் தோன்றியிருக்கிறதே என்று, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் ஏணி போட்டு ஏறி, ஒரு கட்டு இசைத்தட்டுகளை இறக்கித் தூசி தட்டினேன். தட்டைச் சுழற்றும் பெட்டி கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. அதை எங்கே கொண்டுபோய்ச் சரிசெய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள், "பாட்டெல்லாம் வேண்டாம் தாத்தா. அட்டைதான் வேணும், அளவெடுக்கணும்" என்றாள். கையில் ஸ்கேல் தயாராக இருந்தது.

விஷயம் இதுதான். பள்ளியில் ஓவிய வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து, உலகத்தில் எங்குமே இல்லாத ஓர் இசைக்குழுவைக் கற்பனை செய்ய வேண்டும். குழுவுக்கு என்ன பெயர், எந்த ஊரில் எந்த வருஷம் தொடங்கியது, யார் யாருக்கு என்ன வாத்தியம், எந்த மாதிரிப் பாட்டு, கடைசியில் ஏன் பிரிந்தார்கள் (பிரிந்தே தீர வேண்டுமாம்!), முதல் இசைத்தட்டின் பெயர், அதில் ஐந்து பாட்டுகளின் தலைப்பு. பாட்டு எழுதவும் வேண்டாம், பாடவும் வேண்டாம். அந்த இல்லாத இசைத்தட்டுக்கு முன் அட்டையும் பின் அட்டையும் மட்டும் பன்னிரண்டு அங்குலச் சதுரத்தில் வரைந்து தர வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பெயர் தெரிய வேண்டும். அவகாசம் மூன்று வாரம்.

நான் சிரித்தேன். மறுநாள் நம் சங்கத்து வராந்தாவில், நூலகம் திறக்கக் காத்திருந்த நேரத்தில், இதையே கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்துச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன். "கட்டுகிற சம்பளத்துக்கு இல்லாத பாட்டுக்கு அட்டை போடச் சொல்லித் தருகிறார்கள்" என்றேன். அன்று என்னோடு சேர்ந்து சிரித்த அன்பர்கள் ஏழெட்டுப் பேராவது இந்த இதழைப் படிப்பீர்கள். அன்று நான் பேசியது தவறு என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அட்டை என்றால் அப்படி என்ன பெரிய சங்கதி என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. ஆல்பம் என்ற சொல்லே போட்டோ ஆல்பத்தின் வழியில் வந்தது. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷந்தான் பாட்டு. ஒரு பெரிய கச்சேரி என்றால் ஐந்தாறு தட்டுகள் வேண்டும். அவற்றை உறை உறையாகத் தைத்துப் புத்தகம்போல் கட்டி விற்றார்கள். மேலே பழுப்புக் காகிதம், முதுகில் பெயர், அவ்வளவுதான். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1938-இல் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தது. அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். பழுப்பு அட்டைகள் கல்லறைக் கற்கள் மாதிரி இருக்கின்றன, அவற்றின்மேல் படம் போடலாம் என்று அவர்தான் முதலாளிகளிடம் வாதாடினார். 1940-இல் வந்த அவருடைய முதல் அட்டைக்கு, ஒரு நாடகக் கொட்டகையின் வாசலில் விளக்கு எரியும் பெயர்ப்பலகை எழுத்துகளை மாற்றி வைக்கச் செய்து, இசைத்தட்டின் பெயரை அதில் எரியவிட்டுப் படம் எடுத்தார். ரயில்வேயில் பெயர்ப்பலகைகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. பிறகு 1948-இல் நீள்நேர இசைத்தட்டு வந்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டுக்குப் பன்னிரண்டு அங்குலச் சதுர அட்டை என்று அளவும் நிலைத்தது. 1982-இல் குறுந்தகடு வந்து அந்தச் சதுரத்தைப் பன்னிரண்டு சென்டிமீட்டராகச் சுருக்கியது. இன்று கைப்பேசியில் அது தபால்தலை அளவு. ஆனாலும் சதுரம் சதுரமாகவே இருக்கிறது.

நம் வீட்டுத் தட்டுகளைப் பேத்தியோடு உட்கார்ந்து அட்டைக்காக மட்டும் பார்த்தேன். நாற்பது வருஷமாக வைத்திருக்கும் பொருள்களை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எச்.எம்.வி.யின் நாய் ஒரு மூலையில். அந்தத் தட்டுகளை அச்சடித்த ஆலை இதே ஊரில், டம் டம்மில், 1928 முதல் இருந்தது என்பதைச் சொன்னேன். கர்நாடக சங்கீதமென்றால் பாடகர் படமும் தம்புராவும், சினிமாவென்றால் கதாநாயகன் முகம். ஓர் அட்டையில் பாட்டின் தலைப்பில் பழைய 'லை' இருந்தது. யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் சுருண்டு எழும்புமே, அது. "இது என்ன எழுத்து தாத்தா?" என்றாள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும்வரை நானும் அப்படித்தான் எழுதினேன் என்றேன். பாலிடெக்னிக் முதல் வருஷம் ஒரு விதமாகவும் கடைசி வருஷம் வேறு விதமாகவும் வீட்டுக்குக் கடிதம் எழுதியவன் நான். அவள் தும்பிக்கை லையைத் தன் நோட்டில் வரைந்துகொண்டாள். கவனியுங்கள், எழுதவில்லை, வரைந்துகொண்டாள். பிறகு ணை எப்படி, னை எப்படி, றா எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அரை மணி நேரம் என்னை விடவில்லை. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வயிற்றுவலி என்று சொல்லி மட்டம் போடுகிற அதே குழந்தை.

இதில் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. நான் 1981-இல் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து கரக்பூர் வந்தபோது எனக்கு வங்காளம் ஓர் எழுத்துத் தெரியாது. ஒரு சிறு ஸ்டேஷனில் பெயர்ப்பலகை புதிதாக எழுதும் வேலையை மேற்பார்வை பார்க்க அனுப்பினார்கள். மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்து. வங்காளம், இந்தி, ஆங்கிலம், அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற கணக்கு. பெயிண்டர் எழுதிய வங்காள எழுத்துச் சரிதானா என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்! அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வளைவு வளைவாக, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு அவை எழுத்தல்ல, படங்கள். ஆனால் அப்படிப் படமாகப் பார்த்த ஆறு எழுத்துகள் அன்று மனதில் ஏறியதுதான் நான் கற்ற வங்காளத்தின் தொடக்கம். என் பேத்திக்குத் தமிழ் இன்று அந்தப் பெயர்ப்பலகை நிலையில் இருக்கிறது. பேசுவாள், திட்டுவாள், கொஞ்சுவாள். எழுத்தைப் பார்த்தால் மட்டும் படம்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

வேலை சுவாரஸ்யமாக இருப்பதைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி-ஸ்கொயரையும் செட்ஸ்கொயரையும் எடுத்துவிட்டேன். எங்கள் காலத்தில் பாலிடெக்னிக்கில் முதல் ஷீட்டே எழுத்துதான். ஒரே தடிமனில், ஒரே உயரத்தில், கோடு போட்டு அதற்குள் எழுதப் பழக வேண்டும். ஒரு வரைபடத்தில் 3-ஐ 8 என்றோ 1-ஐ 7 என்றோ யாராவது படித்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வாத்தியார் காதைத் திருகிச் சொல்லித் தந்த பாடம் அது. அந்த அனுபவத்தையெல்லாம் திரட்டி, பேத்தியின் குழுவுக்கு நானே ஒரு பெயர் வைத்து ("சங்கமம்" என்று வைத்தேன், இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது), நடுவில் வீணை, பின்னணியில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் ஹௌரா பாலம் என்று பென்சிலில் ஓர் அட்டை போட்டுவிட்டேன். பாலத்தின் கர்டர்களையெல்லாம் கணக்குப் பிசகாமல் போட்டேன். இரண்டு மாநில ஒற்றுமை, பார்த்தால் யாரும் பரிசு கொடுத்துவிடுவார்கள்.

அவள் பார்த்தாள். "நல்லா இருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்திலிருந்து வந்த என் மகன்தான் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, என்னோட சிக்னலை நீங்க பண்ணினீங்க. அவளோடதையாவது விட்டுடுங்க" என்றான்.

அதென்ன சிக்னல் என்று சொல்லிவிடுகிறேன். 1998-இல் அவனுடைய பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தகரத்தை வெட்டி அரம் போட்டு, சைக்கிள் ஸ்போக்கைக் கம்பியாக்கி, கை இறங்குகிற பழைய செமஃபோர் சிக்னலின் மாதிரி ஒன்றை லீவர், எதிர்எடை எல்லாம் வைத்து நான் செய்து கொடுத்தேன். முதல் பரிசு. நடுவர் அவனிடம், "இந்த எதிர்எடை எதற்கு?" என்று கேட்டார். கம்பி அறுந்துபோனால் கை தன் பாரத்தில் கீழே இறங்கி, வண்டி வரலாம் என்று பொய் சொல்லிவிடக் கூடாது. எதிர்எடை அதைத் தூக்கி ஆபத்து நிலையில் நிறுத்தும். நான் அவனுக்கு மூன்று முறை சொல்லியிருந்தேன். அவன் நடுவரைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவன் கையால் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை. பரிசுக் கோப்பை மட்டும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அது யாருடையது என்று நேர்மையாகக் கேட்டால் என்னுடையதுதான்.

என் அட்டையை மடித்துப் பரணிலேயே போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பேத்தியின் தோழிகள் மூவர் வீட்டுக்கு வந்து, கூடத்தில் சார்ட் பேப்பரைப் பரப்பிக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு வங்காளிப் பெண், ஒரு மார்வாரிப் பெண், பீகாரிலிருந்து வந்த ஒரு பெண். என் மனைவி இட்லி வார்த்துப் போட்டாள். நான் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தேன்.

முன் அட்டையில் முழுக்க முழுக்க ஓர் இட்லித் தட்டு. நான்கு குழியில் மூன்றில் வெள்ளை வெளேரென்று இட்லி. நாலாவது காலி. குழுவின் பெயர் ஃ. ஆமாம், ஆய்த எழுத்துதான். மூன்று இட்லியும் அந்த மூன்று புள்ளிகள். "நாலாவது எங்கே?" என்றேன், தாங்க முடியாமல். "அதை சாப்பிட்டாச்சு தாத்தா" என்றாள். இசைத்தட்டின் பெயர் 'இட்லி வேகிற நேரம்'. ஒவ்வொரு பாட்டும் சரியாகப் பன்னிரண்டு நிமிஷமாம். பாட்டியிடம் கேட்டுக் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒற்றை எழுத்தைப் பெயராக வைக்கலாமா என்று நான் கேட்டதற்குப் பதில் சொன்னது அந்த வங்காளிப் பெண். இந்த ஊரில் சந்திரபிந்து என்றே ஒரு புகழ்பெற்ற இசைக்குழு இருக்கிறது. வங்காள எழுத்தின் தலைமேல் பிறையும் புள்ளியுமாக உட்காருமே, அந்தக் குறியின் பெயர். எங்களுக்கு அது இருக்கிறபோது இவளுக்கு இது இருக்கக் கூடாதா என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துவிட்டது. வங்காளிகளுக்குத் தங்கள் எழுத்தின்மேல் இருக்கிற இந்தத் தைரியத்தை நான் நாற்பது வருஷமாகப் பொறாமையோடு பார்த்து வருகிறேன். 1975-இல் இங்கே தொடங்கிய வங்காளத்தின் முதல் ராக் குழுவுக்கு ஜீபனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்து 'மொஹினேர் கோடாகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள் என்று பெயர் வைத்தார்கள். சத்யஜித் ரே சினிமா எடுப்பதற்கு முன்பே புத்தக அட்டை போடுகிறவர். வங்காள எழுத்தை எத்தனை விதமாக வளைக்கலாம் என்று வளைத்துப் பார்த்தவர். தம் பட விளம்பரங்களுக்கும் தாமே எழுத்து வரைவார். நாமோ கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் தமிழ் எழுத்தை அழகுக்காகப் பார்ப்பதில்லை.

பின் அட்டையைத்தான் நான் மறக்க முடியாது. வாத்தியக்காரர்களின் பெயர்கள் இருந்தன. இட்லி: டிரம்ஸ். லிட்டி: கிட்டார். ஒட்டகம்: புல்லாங்குழல். சோடா புட்டி: குரல்.

பெயரெல்லாம் வேடிக்கையாக இருக்கிறதே என்றேன். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேத்தி, ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல, "ஸ்கூல்ல எங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க தாத்தா" என்றாள். எத்தனை நாளாக? "நான் அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து." ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம் என்பதால் அவள் ஒட்டகம். பீகார் என்பதால் இவள் லிட்டி. தடிமனான மூக்குக் கண்ணாடி என்பதால் வங்காளிப் பெண்ணுக்கு சோடா புட்டி. சொந்த ஊரிலேயே இருந்தாலும் அவளுக்கும் தப்பவில்லை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். காலையில் நான்தான் பஸ் ஏற்றிவிடுகிறேன். எனக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. நாம் டிபன் டப்பாவில் இட்லி வைத்து அனுப்பியபோதெல்லாம் அது அப்படியே திரும்பி வந்ததற்கு, உப்பு சரியில்லை என்று என் மனைவி மருமகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழு ஏன் பிரிந்தது என்று எழுத வேண்டும் அல்லவா? கடைசி வரியாக எழுதியிருந்தார்கள்: எல்லாரும் எங்களைச் சொந்தப் பெயரில் கூப்பிட ஆரம்பித்துவிட்டதால் குழு கலைக்கப்பட்டது.

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். "உன்னைப் பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா?" என்று நாம் கேட்டால் குழந்தை "இல்லை" என்று சொல்லும். "எனது பள்ளி" என்று கட்டுரை எழுதச் சொன்னால் மைதானம் பெரியது, ஆசிரியர்கள் அன்பானவர்கள் என்று எழுதும். இல்லாத நான்கு பேரைப் பற்றி எழுது என்றால்தான் இருக்கிறது வெளியே வருகிறது. இது குழந்தைகளுக்கு மட்டுமல்ல போலிருக்கிறது. பீட்டில்ஸ் என்ற நான்கு ஆங்கிலேயர்கள் உலகமே தங்கள் முகத்தை அறிந்த காலத்தில், 1967-இல், நாம் நாமாக இருக்க வேண்டாம், சார்ஜண்ட் பெப்பர் என்பவருடைய பேண்டு கோஷ்டி என்று வைத்துக்கொண்டு பாடுவோம் என்று ஓர் இசைத்தட்டுப் போட்டார்கள். பீட்டர் பிளேக், ஜேன் ஹாவர்த் என்ற கலைஞர் தம்பதி போட்ட அதன் அட்டையில் பேண்டுக்காரர்களின் பளபளப்பான சீருடையில் அவர்கள் நிற்க, பின்னால் பிரபலங்களின் கூட்டம். காந்தியடிகளின் உருவமும் முதலில் அந்தக் கூட்டத்தில் இருந்தது. இந்தியாவில் மனம் புண்படும் என்று பயந்து இ.எம்.ஐ. கம்பெனியின் தலைவர் வேண்டாம் என்றுவிட்டதால் எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய பாட்டு எனக்குப் பிடிபடாது. ஆனால் வேறு பெயரைப் போட்டுக்கொண்டால் வாய் திறக்கும் என்பது பிடிபடுகிறது.

பொறியியல்காரன் என்ற முறையிலும் இந்த வேலையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் இடமில்லை, பத்தடியிலிருந்து தெரிய வேண்டும், முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, மூன்று வாரம். கட்டுப்பாடு இல்லாமல் டிசைன் என்று ஒன்று கிடையாது. "உனக்குப் பிடித்ததை வரை" என்று வெள்ளைத்தாளைக் கொடுத்தால் எல்லாக் குழந்தையும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரந்தான் வரையும்.

அந்தப் பத்தடி விதியில்தான் இவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மாதிரியைப் பார்த்த ஆசிரியை, பெயர் தெரிகிறது, ஆனால் யாராலும் படிக்க முடியாதே என்றாராம். பேத்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அவள் அம்மா, "தமிழ் எழுத்து என்றதும் இப்படி" என்று கொதித்தாள். நான் ஆசிரியையின் பக்கம். பெயர் என்பது படிப்பதற்குத்தான். ஊர் ஊராக மூன்று எழுத்தில் பலகை வைக்கிறோமே, அது இதற்குத்தானே? ஆனால் அந்தப் பலகையில் மற்ற எழுத்துகள் வந்ததால் உள்ளூர் எழுத்தை யாரும் அழிப்பதில்லை. இதை மட்டும் சொன்னேன், பென்சிலைத் தொடவில்லை. மறுநாள் ஃ-க்கு அடியில் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் சிறியதாக 'அக்கன்னா' என்று எழுதிக்கொண்டார்கள். ஆய்தம், அஃகேனம் என்றெல்லாம் நான் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அக்காவும் அண்ணாவும் சேர்ந்த மாதிரி இருக்கிறது என்று அக்கன்னாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் பரிசு வேறொரு குழுவுக்கு. அது கடையில் கலர் பிரிண்ட் போட்டு வந்தது என்பது பேத்தியின் புகார். எனக்கு அதில் பேச உரிமை இல்லை. அலமாரியில் கோப்பை இருக்கிறது. இட்லி என்று கூப்பிடுவது நின்றதா என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன். "பாதிப் பேர் இப்ப அக்கன்னான்னு கூப்பிடறாங்க தாத்தா" என்றாள். அதில் அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. இட்லி டப்பா இப்போது காலியாக வருகிறது, அதுவரை சொல்ல முடியும்.

நம் சங்கத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. வருகிறவர்களும் அப்பா அம்மாவின் வற்புறுத்தலுக்காக வருகிறார்கள். ஆண்டு விழாவில் குறள் ஒப்பிக்கிறார்கள், மாறுவேடத்தில் பாரதியாராக வந்து மீசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அதற்கு எதிரியல்ல. ஒப்பித்த குறள் எனக்கு ஐம்பது வயதுக்குமேல் உபயோகப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு குழந்தை தனக்கு வேண்டிய ஒரு பெயரை, தானே வைத்த ஒரு பெயரை, தமிழில் எழுத ஒரு சந்தர்ப்பம் நம் பாடத்திட்டத்தில் எங்கேயும் இல்லை. அம்மா, ஆடு, இலை, ஈ என்று மற்றவர் வைத்த பெயரைத்தான் ஆயிரம் தடவை எழுதுகிறார்கள். இளையராஜாவே 1986-இல் தம் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'ஹௌ டு நேம் இட்' என்று, இதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்றே பெயர் வைத்தார். பெயர் வைப்பது அவ்வளவு சுலபமான காரியமல்ல.

இன்னொன்று. இப்போது கைப்பேசியில் நாலு வார்த்தை தட்டினால் பத்து நொடியில் அட்டைப் படம் தயாராகிவிடுகிறது. மகன் செய்து காட்டினான். கிட்டார், புகை, நட்சத்திரம் எல்லாம் பிரமாதம். தமிழில் பெயர் எழுதச் சொன்னோம். ழவும் ளவும் புணர்ந்து பிறந்ததுபோல, எந்த நெடுங்கணக்கிலும் இல்லாத நான்கு எழுத்துகளைப் போட்டுக் கொடுத்தது. நாளை அது கற்றுக்கொண்டுவிடும், சந்தேகமில்லை. அதற்குமுன் நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் நல்லது என்பது என் ஆசை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, பாடத்தைக் கலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. பள்ளிகள் அதை வேலையாகக் கொடுக்கும். நம் வீடுகளில் அதை அப்பாக்கள் செய்வார்கள், அல்லது பள்ளிக்கூட வாசலில் இருக்கும் ஸ்டேஷனரிக் கடை செய்யும். அதற்குக் கொள்கை என்ன செய்யும்?

செயலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தமிழ் வகுப்பில் புத்தகம் கிடையாது. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து இல்லாத குழு ஒன்றை உண்டாக்க வேண்டும். பெயர் என்ன மொழியாக வேண்டுமானாலும் இருக்கலாம், தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் அந்தக் குழு அப்படித்தான் எழுதும் என்று வைத்துக்கொள்வோம். சார்ட் பேப்பர் என் செலவு. ஒரு சார்ட்டில் பன்னிரண்டு அங்குலச் சதுரம் இரண்டுதான் தேறும்; மிஞ்சும் பட்டைகளை வீணாக்காமல் எழுத்து வரைந்து பார்க்க வைத்துக்கொள்ளலாம். கலர் பென்சிலும் ஸ்கேலும் குழந்தைகள் கொண்டுவர வேண்டும். பரிசு கிடையாது. அப்பாக்கள், அம்மாக்கள், தாத்தாக்கள் எல்லாரும் கீழே நூலகத்தில் இருக்கலாம், கேரம் போர்டு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு மணி வரை யாரும் மாடிப்படி ஏறக் கூடாது. நானும் கீழேதான் இருப்பேன். பேப்பரை வெட்டிக் கொடுத்ததும் என்னை இறக்கிவிட்டுவிட வேண்டும் என்று பேத்தி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.